கன்ட்ரோலர் கைக்கு வரும்வரை: வாசகியர் கேள்வி – பதில்

சென்ற இதழில், "பழகிய வகையை விட்டு வேறு வகை வீடியோ கேம்களை ஆடிப் பார்க்க நினைக்கும் பெண்கள் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தயக்கம்தான்: "எனக்கெல்லாம் இது வருமா?" வரும். எதில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சீக்கிரமோ மெதுவாகவோ வரும்.

கேள்வி: பல வருடமாக ஃபோனில் கேண்டி க்ரஷ் மாதிரியான புதிர் கேம்கள்தான் ஆடுகிறேன். கஷ்டமான நிலைகளைக்கூட விடமாட்டேன். வேறு ஏதாவது ஆடலாமே என்று ஒரு துப்பாக்கி கேமைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் தலை சுற்றாத குறையாக மூடிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வங்கி ஊழியர் ஒருவர்

நீங்கள் திறந்த கேமில் எத்தனை விஷயம் ஒரே நேரத்தில் புதிது என்று பாருங்கள். ஒரு கையில் நடை, மறு கையில் பார்வை, நேர நெருக்கடி, குறிபார்ப்பது, தெரியாத வரைபடம், பின்னாலிருந்து சுடும் எதிரி. யாராக இருந்தாலும் மூடித்தான் வைப்பார்கள். இதில் உங்கள் திறமைக்குறைவு எதுவும் இல்லை. இத்தனை வருடம் பலகையைப் பார்த்து நாலு நகர்வு தள்ளி யோசித்துப் பழகியிருக்கிறீர்களே, அதற்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

வகை மாற நினைக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் புதிதாக இருக்கிற கேமை எடுங்கள். மீதியெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.

உங்களுக்கு நான் தருவது ஸ்லே த ஸ்பையர். 2019-இல் முழுமையாக வெளிவந்த சீட்டு கேம். கணினி, கன்சோல், ஃபோன் மூன்றிலும் இருக்கிறது. நேர நெருக்கடி கிடையாது, அவசரமாகத் தட்ட வேண்டியதும் இல்லை. அயர்ன்க்ளாட் என்ற வீரனோடு தொடங்குங்கள். அவனுக்கு 80 உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு முறையும் கையில் 5 சீட்டு வரும், செலவழிக்க 3 சக்தி இருக்கும். முதல் சண்டையில் ஜா வோர்ம் என்ற புழு எதிரே வந்து நிற்கிறது என்று வையுங்கள். அதன் தலைக்கு மேல் ஒரு வாளும் 11 என்ற எண்ணும் தெரியும். அடுத்து அது என்ன செய்யப்போகிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. உங்கள் கையில் மூன்று அடிக்கும் சீட்டு, இரண்டு தடுக்கும் சீட்டு. அடித்தால் 6, தடுத்தால் 5, ஒவ்வொன்றுக்கும் 1 சக்தி. இரண்டையும் தடுக்கப் போட்டால் 10 தடுக்கப்படும், 1 மட்டும் உங்கள் மேல் விழும். மீதி சக்தியில் ஒரு அடி. அல்லது தடுப்பதையே விட்டுவிட்டு மூன்று அடி அடித்தால் 18. ஆனால் 11 வாங்கிக்கொள்ள வேண்டும். சண்டை முடிந்ததும் அயர்ன்க்ளாடுக்கு 6 புள்ளி திரும்ப வரும் என்பது தெரிந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். பார்த்தீர்களா, இது உங்கள் ஊருக்குள் நடக்கிற கணக்குதான்!

உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது ஒன்றுதான். தோற்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் வேறுமாதிரி அமையும். 1980-இல் வந்த ரோக் என்ற கேமிலிருந்து கிளம்பிய மரபு இது. 'ரோக்லைக்' என்று பெயரே அதனால் வந்தது. ஒரு குறிப்பு மட்டும்: சண்டைக்குப் பின் மூன்று சீட்டு காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லும். எடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. கண்டதையும் சேர்த்தால் வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. இது பழகியபின் இன்டு த ப்ரீச்சுக்குப் போங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டம், அங்கேயும் எதிரி தன் அடுத்த அடியை முன்கூட்டியே காட்டிவிடும்.

கேள்வி: என் கணவர் நிறைய ஆடுவார். இருவரும் சேர்ந்து ஆட இட் டேக்ஸ் டூ வாங்கினோம். நான் ஒரு பக்கம் பார்க்க, கேமரா ஒரு பக்கம் பார்க்கிறது. குதித்தால் பள்ளத்தில் விழுகிறேன். அவர் அந்தப் பக்கம் போய் நின்று எனக்காகக் காத்திருப்பதைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது.
– புதிதாகக் கன்ட்ரோலர் பிடித்தவர்

2021-இல் வந்த அருமையான கேம் அது. இருவர் சேர்ந்துதான் ஆட முடியும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆடும் விதமே மாறும், அதனால் பல வகைகளை ருசிபார்க்க ஏற்றது. ஆனால் முதன்முதலாகக் கன்ட்ரோலர் பிடிப்பவர்களிடம் இதைத் தூக்கிக் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆரம்பத்திலேயே ஓடி, குதித்து, நடுவானில் இன்னொரு முறை குதித்து, அதற்குள் கேமராவையும் திருப்பச் சொல்கிறது. ஆடிப் பழகியவர்களுக்கு இதில் கஷ்டம் இருப்பதே கண்ணில் படாது. அதனால்தான் எல்லோரும் இதையே சிபாரிசு செய்கிறார்கள்.

கன்ட்ரோலரில் இருக்கும் இரண்டு குச்சிகளையும் (இடது நடக்க, வலது பார்வையைத் திருப்ப) ஒரே நேரத்தில் இயக்குவது, கார் ஓட்டக் கற்கும்போது கிளட்ச்சும் ஆக்ஸிலரேட்டரும் மாதிரி. தனித்தனியாக எளிது, சேர்ந்தால் குழப்பம். அதனால் தனித்தனியாகவே பழகுங்கள். பாத்திரத்தை நிற்கவைத்துவிட்டு வலது குச்சியை மட்டும் தொடுங்கள். திரையில் ஒரு கதவையோ மரத்தையோ தேர்ந்தெடுத்து அது நட்டநடுவில் வரும்வரை திருப்புங்கள். அப்புறம் வலதைத் தொடாமல் இடதால் அதை நோக்கி நடங்கள். போய்ச் சேர்ந்ததும் நின்று, மறுபடி திருப்பி, மறுபடி நடங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்காமலே திருப்ப ஆரம்பித்திருப்பீர்கள். அமைப்புகளில் கேமரா வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குச்சியை மேலே தள்ளினால் பார்வை கீழே போக வேண்டும் என்று உங்கள் விரல் எதிர்பார்த்தால், 'இன்வர்ட்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள்.

தனியாக இருக்கும்போது போர்ட்டல் ஆடுங்கள். 2007-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்டது. உங்கள் கண்ணாலேயே உலகைப் பார்க்கும் கேம், ஆனால் புதிர். முதல் அறையில் வேலையே ஒரு பெட்டியைத் தூக்கிப் பொத்தான்மேல் வைப்பதுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புதியவை வரும். சுடுகிற இயந்திரங்கள் சோதனை அறைகளில் கடைசிச் சிலவற்றில்தான் வருகின்றன. அதற்குள் உங்கள் கட்டைவிரல் பழகியிருக்கும்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் திணறும் இடத்தில் உங்கள் கன்ட்ரோலரை வாங்கித் தாண்டிக் கொடுக்க வேண்டாம். அன்பாகத்தான் செய்வார்கள். ஆனால் விரல் கற்றுக்கொள்ள வேண்டிய இடமே அதுதான். இட் டேக்ஸ் டூவில் விழுந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் உயிர் வந்துவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் விழலாம்.

கேள்வி: முதல் நபர் பார்வையில் ஆடும் எந்த கேமாக இருந்தாலும் குமட்டுகிறது. இந்த வகையே எனக்கு இல்லை என்று விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

அவசரப்பட வேண்டாம். 'நகர்கிறோம்' என்று கண் சொல்கிறது. 'உட்கார்ந்திருக்கிறோம்' என்று உள்காது சொல்கிறது. இந்த முரண்பாட்டில் வருவதுதான் குமட்டல். அமைப்புகளில் 'மோஷன் ப்ளர்' (நகரும்போது படம் மங்குவது), 'ஹெட் பாப்' (நடக்கும்போது பார்வை மேலும் கீழும் ஆடுவது), 'கேமரா ஷேக்' (கேமரா குலுங்குவது) மூன்றையும் அணையுங்கள். 'ஃபீல்ட் ஆஃப் வியூ' (திரையில் எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது) இருந்தால் அதைக் கூட்டுங்கள். திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறுகிய பார்வையில் ஆடினால் பலருக்குத் தொல்லை அதிகமாகும். திரையின் நடுவில் ஒரு சிறு புள்ளி இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொள்ளும். அறையில் விளக்கு எரியட்டும், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

லேசாக ஆரம்பிக்கும்போதே நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அன்று முழுக்கப் படுத்தும். இத்தனையும் செய்தபிறகும் குமட்டினால், பாத்திரத்தைப் பின்னாலிருந்தோ மேலிருந்தோ பார்க்கும் கேம்களுக்குப் போங்கள். அந்தப் பக்கமும் ஆட எவ்வளவோ இருக்கிறது.

கேள்வி: அக்கா, ஹேடீஸ் ஆட ஆரம்பித்தேன். திரும்பத் திரும்பச் சாகிறேன். 'காட் மோட்' போட்டு ஆடினால் அது ஏமாற்று வேலை, கேமை முடித்ததாகவே கணக்கில் வராது என்கிறான் தம்பி. நிஜமா?
– கல்லூரி மாணவி

போடும்மா, தாராளமாகப் போடு. அதை உருவாக்கியவர்களே உள்ளே வைத்த வசதி அது. போட்டவுடன் உன்மேல் விழும் அடி 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் இன்னும் 2 சதவீதம், அதிகபட்சம் 80 சதவீதம் வரை. எதிரியின் தாக்குதல் முறை மாறாது, கதையில் ஒரு வரிகூடக் குறையாது. எப்போது விலக வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்பதை நீதான் கற்றுக்கொள்கிறாய். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது.

2018-இல் வந்த செலஸ்ட்டும் இப்படித்தான். கடினத்துக்குப் பேர்போன குதிக்கும் கேம். அதில் 'அசிஸ்ட் மோட்' போட்டால் ஆட்டத்தின் வேகத்தையே பாதியாகக் குறைக்கலாம். ஆடிப் பழகிய ஒருவரின் விரலும் நேற்று தொடங்கியவரின் விரலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்று கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஹேடீஸில் செத்து வீடு திரும்பும்போதுதான் கதையே நகர்கிறது. அங்கே இருக்கிற எல்லோரிடமும் நின்று பேசிவிட்டுக் கிளம்பு.

கேள்வி: சண்டை கேம் ஆட ஆசை. ஆனால் அந்த 'கீழ், முன், குத்து' எல்லாம் விரலுக்கு வரவே மாட்டேன் என்கிறது.
– மென்பொருள் பணியில் இருப்பவர்

2023-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் 'மாடர்ன்' என்று ஒரு கட்டுப்பாட்டு முறை இருக்கிறது. சிறப்பு அடிகளை ஒரு பட்டனும் ஒரு திசையும் வைத்தே போட்டுவிடலாம். அதற்கு விலையாக அந்த அடிகளின் வலு 20 சதவீதம் குறையும். விரல் பழகிவிட்டால் அதே முறையில் பழைய சுழற்று அசைவையும் போடலாம், அப்போது முழு வலு.

நானும் மாடர்ன் முறையில்தான் இந்த வகைக்குள் வந்தேன். விரலைப் பற்றிய கவலை போனதும்தான் இந்த வகையின் ருசியே தெரிந்தது. எதிராளி எப்போது குதிப்பார், தடுத்தபின் யார் முதலில் அசைய முடியும், எந்தத் தூரத்தில் நின்றால் அவர் அடி எட்டாது. ஒரே ஒரு பாத்திரத்தை எடுங்கள். முதலில் ஒரு பழக்கம் மட்டும்: எதிராளி குதித்து வரும்போது கீழே தட்டிவிடுவது. பயிற்சி அறையில் பொம்மையைக் குதிக்கச் சொல்லிவிட்டு அதையே செய்யுங்கள். இணையத்தில் உங்களைத் தோற்கடிப்பவர்களில் பலர் குதித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

கேள்வி: குழுவாகச் சுடும் கேம் பிடித்திருக்கிறது. மைக்கில் என் குரல் கேட்டதும் அசிங்கமாகப் பேசுகிறார்கள். குரல் இல்லாமல் ஆட முடியுமா?
– பெயர் வேண்டாம்

முடியும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2019-இல் வந்தபோது அதன் 'பிங்' முறை எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. ஒரு பட்டனை அழுத்தினால், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளோ இடமோ எதிரியோ உங்கள் குழுவுக்குக் குறியாகத் தெரியும். உங்களுக்குப் பதில் பாத்திரமே குரல் கொடுக்கும். மூன்று பேர் குழுவில் வாய் திறக்காமல் கடைசிவரை போகலாம். அதற்குப் பிறகு வந்த பல கேம்களிலும் இது இருக்கிறது.

தெரியாதவர்களோடு ஆடும்போது நான் ஆட்டம் தொடங்கும் முன்பே குரலை அணைத்துவிடுவேன். அசிங்கமாகப் பேசுபவனை மியூட் செய்யுங்கள், உடனே ரிப்போர்ட் செய்யுங்கள், பதில் சொல்லி அவனுக்கு நேரம் செலவழிக்காதீர்கள். தோழிகள் இரண்டு பேர் கிடைத்தால் மைக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேம் உங்களுக்கும் சொந்தம். குற்றம் செய்தவன் இருக்க, நீங்கள் கிளம்ப வேண்டியதில்லை.

கேள்வி: பெண்களுக்கு ஏற்ற கேம் வகை எது?
– ஒரு வாசகர்

அப்படித் தனியாக ஒன்றும் கிடையாது. ஆற்றின் மேல் விமானம் ஓட்டிச் சுடும் ரிவர் ரெய்டை 1982-இல் உருவாக்கியவர் கரோல் ஷா. ஆர்கேட் சுடும் கேமான சென்டிபீடை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி. படங்களோடு வந்த ஆரம்பகால சாகச கேமான மிஸ்டரி ஹவுஸ், 1980-இல் ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்தது. கேம்களை உருவாக்கிய பெண்களே ஒரு வகைக்குள் அடங்கவில்லை.

கேள்வி: திகில் கேமின் கதை வேண்டும், துரத்தல் வேண்டாம். வழி உண்டா?
– இரவில் ஆடுபவர்

சோமா. 2015-இல் வந்தது. பின்னர் சேர்த்த 'சேஃப் மோட்'டில் அந்த உயிரினங்கள் உங்களைக் கொல்லாது. கடலடியில் நடக்கும் கதை மனதை உலுக்கும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். புது வகையைத் தொட்டுப் பார்க்க இது நல்ல வசதி.

கேள்வி: வயது அறுபதைத் தாண்டிவிட்டது. துப்பறியும் கதைகள் என்றால் உயிர். மகள் லேப்டாப்பில் ஏதாவது ஆடச் சொல்கிறாள். வேகமாக எதுவும் என்னால் முடியாது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, உங்களுக்கு ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின். லூகஸ் போப் உருவாக்கி 2018-இல் வெளியிட்டது. வருடம் 1807. காணாமல்போன வணிகக் கப்பல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நீங்கள் காப்பீட்டுக் கணக்கைப் பார்க்க வந்த அதிகாரி. கப்பலில் இருந்த 60 பேருக்கும் யார் யார், என்ன ஆனார்கள், யாரால் என்று கண்டுபிடித்து ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். இறந்தவர்களின் கடைசிக் கணம் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து பார்க்கலாம். சுடுவது, ஓடுவது எதுவும் இல்லை. மூன்று பேர் விவரம் சரியாக இருந்தால்தான் கேம் அதை உறுதிசெய்யும் என்பதால் குருட்டாம்போக்கில் ஊகிப்பது பலிக்காது.

நீங்கள் புதிதாகப் பழக வேண்டியது மவுஸால் பார்வையைத் திருப்பி நடப்பது மட்டும். முதல் நாள் மேல்தளத்தில் சும்மா நடந்து பாருங்கள், புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். கறுப்பு வெள்ளைப் புள்ளிகளால் ஆன படம் கண்ணைக் கூசினால் அமைப்புகளில் வேறு வண்ணத் தோற்றம் இருக்கிறது, மகளை மாற்றித் தரச் சொல்லுங்கள். உடை, உச்சரிப்பு, யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் விடாமல் கவனியுங்கள். விடையை மட்டும் இணையத்தில் தேடாதீர்கள். தெரிந்துவிட்டால் இதை இரண்டாம் முறை புதிதாக ஆடவே முடியாது.