தீக்காயத்தில் பூஞ்சை: மூலிகைச் சாறு பூசலாமா?

கேள்வி: அம்மா காலில் வெந்நீர் கொட்டிப் பத்து நாளாகிறது. புண்ணில் கேண்டிடா பூஞ்சை இருப்பதாகப் பரிசோதனையில் வந்திருக்கிறது. வேம்பு, மஞ்சள், பூண்டுச் சாறுகள் அதைக் கொல்லும் என்று படித்தேன். மருந்தோடு சேர்த்துப் பூசலாமா?

பதில்: ஆறாத புண்ணில் வேண்டாம். நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை நடந்தது ஆய்வகத் தட்டில். பூஞ்சை பரப்பிய அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) சாற்றை விட்டு, சுற்றிலும் பூஞ்சை வளராத வட்டத்தை அளப்பார்கள். பல சாறுகளுக்கு மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்கும் கேண்டிடாவுக்கு அந்த மருந்து மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கிலேயே போதும். அத்தனை செறிவான சாறு தோல் உரிந்த சதையைச் சும்மா விடாது. ஓமத்தின் தைமாலும் கிராம்பின் யூஜெனாலும் பூஞ்சையின் செல் சவ்வைக் குலைத்துக் கொல்கின்றன. புண்ணை மூட வளரும் நம் செல்களுக்கும் சவ்வு உண்டே! பச்சைப் பூண்டு நல்ல தோலிலேயே கொப்புளம் கிளப்பும்.

'இயற்கை மருந்து' என்பதில் எனக்கு விரோதமில்லை. ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்தே மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்ததுதான். அதைச் சுத்திகரித்து, அளவு வகுத்து, கிருமிநீக்கித் தருகிறார்கள். வீட்டில் அரைத்த இலையிலோ ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் வித்துகளே ஒட்டியிருக்கலாம்.

மஞ்சளில் இன்னொரு தொல்லை, அதன் நிறம். பூஞ்சை ஆழமாக இறங்கினால் புண் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறும். மஞ்சள் அந்த அடையாளத்தையே மறைத்துவிடும். நிறம் மாறினாலோ, ஆழம் கூடினாலோ, ஆன்டிபயாட்டிக் எடுத்தும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: பூஞ்சை மேலே படிந்திருக்கிறதா, உயிருள்ள சதைக்குள் இறங்கிவிட்டதா? பஞ்சில் தொட்டெடுத்த மாதிரி அதைச் சொல்லாது. சந்தேகம் இருந்தால் சிறு துண்டு சதை எடுத்துப் பார்ப்பார்கள். வெறும் படிவு என்றால் சுத்தம் செய்து கட்டு மாற்றுவதே போதுமானதாக இருக்கலாம்.

கற்றாழையைப் புண் முழுதாக மூடி, தோல் வறண்டு அரிக்கும் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இலையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட வேண்டும், அது எரிச்சல் தரும். இதற்குள் ஏதாவது பூசியிருந்தால், அடுத்த முறை கட்டு மாற்றும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.