ஆடத் தெரியாதவளா, கூடம் கோணலா?

கேள்வி: கம்பஸில் சி மொழி படிக்கிறேன். ஊர்ப் பெயரைப் பதிய ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன், பெயருக்கு 20 பைட் ஒதுக்கினேன். ஆங்கிலத்தில் அடித்தால் ஒழுங்காக ஓடுகிறது, தமிழில் ‘திருகோணமலை’ என்று அடித்தால் விழுந்துவிடுகிறது. மொழியில்தான் பிழை என்றேன். சேர், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாம் எங்கள் பொறுப்புத்தானா?
- மாணவன், உவர்மலை, திருகோணமலை

பதில்: பிழை நீங்கள் விட்டதுதான் தம்பி. ஆனால் கூடமும் கோணல்தான்.

திருகோணமலை என்பது நம் கண்ணுக்கு ஆறே எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் தி என்பது த ஒன்று, அதன் விசிறி (ி) ஒன்று என்று இரண்டு குறியீடு, இப்படியே எண்ணிக்கொண்டு போனால் மொத்தம் பத்து வரும், அவற்றைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 30, சொல் முடிந்தது என்று காட்டக் கடைசியில் வரும் பூச்சியத்தோடு 31. ஆங்கிலத்தில் அதே பெயருக்கு (Trincomalee) பூச்சியத்தோடு 12 போதும். நீங்கள் ஒதுக்கிய 20 போக மிச்சம் 11 பைட்டும் எங்கே போகும்? பக்கத்தில் இருக்கும் நினைவகத்தின் மேல் எழுதப்படும், சி மொழி தடுக்காது, ஒரு வார்த்தை சொல்லவும் செய்யாது. உடனே விழுந்ததே நல்லது, சில நேரம் சரியாக ஓடுவதுபோலக் காட்டிவிட்டு வேறெங்கோ தப்பான விடை தந்துகொண்டிருக்கும்.

கவனமாக எழுதினால் போதும் என்பவர்களிடம் நான் கேட்பது, எவ்வளவு கவனம்? 2014-இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் இருந்தது, அது இணையத் தொடர்பின் பாதுகாப்புக்கென்றே எழுதிய மென்பொருள், எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. அனுப்பியவர் சொல்லும் நீளம் உண்மையா என்று பார்க்கும் ஒரு சோதனை விடுபட்டதால் ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை சேர்வரின் நினைவகத்திலிருந்து உருவ முடிந்தது. அப்புறம் ஆண்ட்ராய்டைப் பாருங்கள். 2019-இல் அதன் பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் நினைவகப் பிழைகள். புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற, நினைவகப் பிழைகளைத் தாங்களே தடுக்கும் மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள், 2024-இல் அது 24 சதவீதம். மனிதர்கள் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லையே! இயந்திரம் பார்க்கக்கூடியதை மனிதன் தலையில் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதற்காக நல்ல மொழி கையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றும் இல்லை. 1996-இல் ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஏறத்தாழ 40 விநாடியில் சிதறியது. அந்தப் புரோகிராம் பாதுகாப்புக்குப் பேர்போன ஏடா மொழியில் எழுதியது. 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கும் இடத்தில், கணினியின் சுமையைக் குறைக்கவென்று, பாதுகாப்பைப் போடாமல் விட்டது மனிதர்கள் எடுத்த முடிவு. அது முழுக்கப் பயன்படுத்தியவர் பொறுப்பு.

கடைசி வருட புராஜெக்டுக்கு சி கட்டாயம் இல்லையென்றால் ரஸ்ட்டை எடுங்கள். கட்டாயம் என்றால் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியைப் போட்டு கொம்பைல் பண்ணுங்கள், எந்த வரியில் எல்லை மீறினீர்கள் என்று அதுவே காட்டும். சோதிக்கும்போது தமிழ்ப் பெயர்களையே கொடுங்கள், நீளமானதாக.