மாடி உயர்ந்தால் தெரு தாங்குமா?

சேலத்தின் புறநகர்த் தெருக்களில் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவதைப் பற்றியும், நிலப் பயன்பாட்டு விதிகள் எப்படி மாற வேண்டும் என்பதைப் பற்றியும் கடிதங்கள் பல வந்துள்ளன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: எங்களுடையது முப்பதடித் தெரு. பல ஆண்டுகளாகத் தரைத்தளமும் ஒரு மாடியுமாகத்தான் எல்லா வீடுகளும் இருந்தன. இப்போது அருகருகே இருந்த இரண்டு பழைய வீடுகளை ஒருவர் வாங்கி இடித்துவிட்டு, கீழே வண்டி நிறுத்துமிடமும் மேலே வரிசையாக வீடுகளுமாகக் கட்டப்போகிறார். இப்பகுதியைத் தனி வீடுகளுக்கு மட்டும் உரியதாக அறிவிக்க வேண்டும் என்று மனுக் கொடுக்க இருக்கிறோம். இது நியாயமான கோரிக்கைதானே?

பதில்: தங்கள் கவலை நியாயமானது, ஆனால் அந்தக் கோரிக்கையை என்னால் ஆதரிக்க முடியவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் கீழ் ஒரு நகரத்துக்கு வகுக்கப்படும் முழுமைத் திட்டம், அதாவது நாம் மாஸ்டர் பிளான் என்று சொல்வது, எந்த நிலம் குடியிருப்புக்கு, எது வணிகத்துக்கு, எது தொழிலுக்கு, எது வேளாண்மைக்கு என்று வகைப்படுத்துகிறது. குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட நிலத்தில் மனைக்கு ஒரு வீடுதான் கட்டலாம் என்று நம் விதிகள் சொல்வதில்லை. மனையின் பரப்பு, தெருவின் அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம், வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைக் கொண்டே எவ்வளவு கட்டலாம் என்பது தீர்மானமாகிறது. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயர் கட்டடம் என்ற வகைக்குள் வராத கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. எல்லாத் தளங்களையும் சேர்த்து மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எண் இது; கட்டுமானக்காரர்கள் எஃப்எஸ்ஐ என்று பேசிக்கொள்வது இதைத்தான். தங்கள் தெருவின் முப்பதடி 9 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் என்பதால், விதியின் கணக்கில் அது குறுகிய தெருவும் அன்று.

இரண்டு மனைகளும் தலா 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். சேர்த்து 4,800. முன்பு அதில் 7,200 சதுர அடி வரை கட்டலாம் என்றிருந்தது, இப்போது 9,600 ஆகிறது. படிக்கட்டும் நடைவழியும் போக, ஏறக்குறைய பத்துக் குடும்பங்களுக்கு வீடு கிடைக்கும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வகுத்த அளவு. நான்கு பேர் கொண்ட இரண்டு குடும்பங்களுக்கு அந்தக் கணக்கில் 1,080 லிட்டர் போதும். பத்துக் குடும்பங்களுக்கு 5,400 லிட்டர் வேண்டும். அதில் பெரும்பகுதி கழிவுநீராக மறுபடியும் தெருவுக்குத்தான் வரும். தங்கள் மனுவுக்கு வலுச் சேர்ப்பது இந்த எண்தான். தெருவின் அழகு கெடும், வீட்டு மதிப்புக் குறையும் என்ற வாதங்களை நான் அந்த இடத்தில் வைக்க மாட்டேன்.

இனி, புதிதாக வரவிருக்கும் அந்த எட்டுக் குடும்பங்களின் பக்கம் நின்று பாருங்கள். அழகாபுரத்தில் இடமில்லை என்றால் அவர்கள் அயோத்தியாப்பட்டணத்துக்கு அப்பாலும் மல்லூர்ப் பக்கமும் ஓமலூர்ச் சாலையிலும் மனை தேடிப் போவார்கள். இங்கே 4,800 சதுர அடிக்குள் அடங்கக்கூடிய பத்துக் குடும்பங்கள், அங்கே தலா 1,200 சதுர அடி மனை வாங்கினாலே கால் ஏக்கருக்கு மேல் ஆகிவிடும். சாலைக்கும் பூங்காவுக்கும் விடும் இடம் தனி. அந்த நிலத்தை வெறும் பொட்டல் என்று எண்ணிவிடக் கூடாது. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்குப் போகும் சரிவில்தான் நம் ஊர் அமைந்திருக்கிறது. அடியில் இருப்பதோ கெட்டிப் பாறை; பாறை வெடிப்புகளில் தங்கும் நீரைத்தான் ஆழ்துளைக் கிணறுகள் எடுக்கின்றன. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலின் மேல் மனை பிரித்தால், கோடையில் கிணறு வற்றுகிறது, ஐப்பசியில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் நுழைகிறது. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவான மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் தனி விதிகளைக் கொண்டுவந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊரின் விளிம்பில் கேள்வி முறையின்றி மனை போட்டவர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கட்டணத்தையும் அலைச்சலையும் சுமந்தது, சேமிப்பையெல்லாம் போட்டு மனை வாங்கிய குடும்பங்கள்தான்.

ஆகவே, பேருந்தும் குழாய்த் தண்ணீரும் பள்ளியும் ஏற்கெனவே உள்ள அழகாபுரம், அஸ்தம்பட்டி, சூரமங்கலம் போன்ற இடங்களில் இன்னும் சிலர் குடியேறுவதே ஊருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் தெரு தயாராக இருக்க வேண்டும் என்பதும் அதே அளவுக்கு உறுதி. தங்கள் மனுவில் கட்டடமே கூடாது என்று எழுதுவதற்குப் பதிலாக, அத்தனை வீடுகளுக்குமான குடிநீர் இணைப்பு எந்தக் குழாயிலிருந்து வரும், கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேருமா அல்லது மழைநீர் வடிகாலில் விடப்படுமா, 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு வரைபடத்தில் எங்கே இருக்கிறது, வண்டிகள் உள்ளே நிற்குமா தெருவில் நிற்குமா என்று கேளுங்கள். திருமணிமுத்தாறு நகரத்துக்குள் வந்ததும் சாக்கடையாக மாறியதற்கு நாம் மாடி கட்டியது காரணமன்று. கழிவுநீருக்கு வழி செய்யாமல் வீடு கட்டினோம். ஒற்றை மாடி வீடுகள் மட்டுமே இருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது.

ஒரு விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. 14 மீட்டர் உயரத்துக்கும் எட்டு வீடுகளுக்கும் 750 சதுர மீட்டருக்கும் உட்பட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கு, நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை என்று 2024-இல் விதி தளர்த்தப்பட்டது. முன்பு இந்த விலக்கு மூன்று வீடுகள் வரைக்கும்தான் இருந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் மின் இணைப்புக் கிடைக்காமல் மக்கள் அலைந்த அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளியும் வண்டி நிறுத்துமிடமும் கட்டி முடித்த பிறகும் இருக்கின்றனவா என்று அதிகாரி ஒருவர் வந்து பார்க்கும் கடைசி வாய்ப்பு அந்தச் சான்றிதழ்தான். முப்பதடித் தெருக்களில் பெரும்பாலும் எழுவது எட்டு வீட்டுக் கட்டடங்களே. அவற்றுக்கு இந்தச் சோதனை மறுபடியும் வர வேண்டும்.

கொண்டலாம்பட்டியிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு வாடகை ஏறுகிறது. அடுக்குமாடி வேண்டாம் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். வேண்டும் என்று பேசுகிறவர்கள் கட்டி விற்பவர்கள். எங்களைப் போன்றவர்களை யாராவது கேட்டார்களா?

பதில்: கேட்கவில்லை. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் வேலை நாளில் பகல் வேளையில் நடக்கும்போது பட்டறையை விட்டு யாரால் வர முடியும்?

புதிய அடுக்குமாடி வந்தால் தங்கள் வாடகை உடனே இறங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீடுகள் தங்கள் வருமானத்துக்கு எட்டும் விலையில் இருக்காது. ஆனால் அந்த வீட்டை வாங்கக்கூடியவர் அது கிடைக்காதபோது, தாங்கள் இருக்கும் வீட்டுக்கே கூடுதல் வாடகை தருவதாகச் சொல்லிப் போட்டிக்கு வருகிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தங்களுக்கு நேரடியாக உதவக்கூடியது வேறொன்று. 2024-இல் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட இணையவழியிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. ஒரு குடும்பம் கீழே தான் இருந்துகொண்டு மேலே இரண்டு சிறிய பகுதிகளைக் கட்டி வாடகைக்கு விடுவதுதான் நம் ஊரில் உழைக்கும் மக்களுக்கு வீடு கிடைத்து வந்த வழி. அந்த வழி எளிதாகும்போது, பட்டறைக்கு நடந்து போகும் தொலைவில் வீடு கிடைக்கும். நகரத்துக்கு வெளியே பல கிலோமீட்டர் தள்ளிக் கட்டித் தரும் குடியிருப்பில் வீடு இலவசமாகவே கிடைத்தாலும், பேருந்துச் செலவும் இழந்த வேலை நேரமும் வாடகைக்குச் சமமாகிவிடும்.

ஓமலூரிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கும் புறநகர்களில் இதே சண்டைதான், தனி வீட்டுத் தெருக்களில் பல வீடுகள் கட்ட விடலாமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது என்கிறாள். அங்கே நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றா?

பதில்: பேச்சு ஒன்று போலத் தோன்றினாலும் அடிப்படை வேறு. அங்கே மிகப் பெரும்பாலான குடியிருப்பு நிலத்தில் ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடு மட்டுமே என்று நகரச் சட்டமே நூறாண்டுக் காலமாகக் கட்டுப்படுத்தி வந்தது. மினியாபொலிஸ் நகரம் 2018 டிசம்பரில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி மனைக்கு மூன்று வீடுகள் வரை அனுமதிக்க முடிவு செய்தது. ஓரிகன் மாநிலம் 2019-இலும் கலிபோர்னியா 2021-இலும் சட்டம் இயற்றின. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு இடம் கொடுத்தது. அதன் பிறகு அங்கே வீடு கட்டும் அனுமதிகள் தெளிவாகக் கூடின.

அழகாபுரத்து வாசகர் கேட்கும் "தனி வீடுகளுக்கு மட்டும்" என்ற விதியை, வைத்துப் பார்த்தவர்களே இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்ன நிறத்தவர் இன்ன தெருவில் குடியிருக்கக் கூடாது என்று நகரங்கள் விதி செய்ததை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1917-இல் செல்லாது என்றது. அதன் பிறகு பெரிய மனை, தனி வீடு என்ற நிபந்தனைகளே ஏழைகளையும் கறுப்பின மக்களையும் வெளியே நிறுத்தும் வேலியாகப் பல இடங்களில் பயன்பட்டன. நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்கள் என்ன ஆளுங்க?" என்ற கேள்வி வாசலிலேயே வருகிறது. சாப்பாட்டைச் சாக்காக வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம் வாசகர்களிலேயே பலர் இருக்கிறார்கள். வீடுகள் குறைவாக இருக்கும் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்பவரின் கை ஓங்கியிருக்கிறது. வீடுகள் கூடினால் மறுக்கப்பட்டவருக்கு அடுத்த கதவைத் தட்டவாவது வழி இருக்கும்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு நெசவாளர்

கேள்வி: வீட்டிலேயே தறி ஓட்டுகிறோம். பக்கத்தில் அடுக்குமாடி வந்ததும் சத்தம் என்று புகார் சொல்கிறார்கள். எங்கள் பகுதியைக் குடியிருப்பு என்று வரைந்துவிட்டால் தறியை எடுக்கச் சொல்லிவிடுவார்களா?

பதில்: குடியிருப்புப் பகுதியில் சிறு தொழிலை அடியோடு தடுப்பது நம் விதிகளின் வழக்கமன்று, மின்மோட்டாரின் குதிரைத்திறனையும் ஆட்களின் எண்ணிக்கையையும் வைத்து வரம்பு கட்டுவார்கள். கைத்தறிக்கு அச்சம் வேண்டாம். விசைத்தறி வைத்திருப்போர், வரைபடம் முடிவாவதற்கு முன்பே, தங்கள் தெரு குடியிருப்பும் தொழிலும் கலந்த பகுதியாகக் குறிக்கப்பட வேண்டும் என்று சங்கத்தின் வழியாக எழுத்தில் கேட்பது அவசியம். அம்மாப்பேட்டையிலும் குகையிலும் வீடு வேறு, தொழிலிடம் வேறு என்று என்றைக்கும் இருந்ததில்லை. அங்கே குடிவந்தவருக்குத் தறிச் சத்தம் புதிதாக முளைத்த தொல்லையாகத் தோன்றலாம். தறி அவருக்கு முன்பே அங்கே இருந்தது என்பதை வரைபடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

கேள்வி: சமவெளியில் மாடிகளைக் கூட்டலாம் என்கிறீர்கள். எங்கள் மலைக்கும் அதே நியாயம் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. மலைப்பகுதியில் கட்டடம் கட்டுவதற்கும் மனை பிரிப்பதற்கும் 1990-இல் அமைக்கப்பட்ட மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பின் இசைவு கூடுதலாகத் தேவைப்படுவது காரணத்தோடுதான். சரிவை வெட்டிச் சமன் செய்து எழுப்பும் விடுதி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்துகிறது. ஊற்றின் வழியையும் அடைக்கிறது. அந்த ஊற்றுகளே கீழே எங்கள் ஏரிகளுக்கு வருகின்றன. நகரத்துக்குள் மாடிகள் உயரட்டும் என்று நான் சொல்வதில் பாதிக் காரணம், மலையடிவாரமும் மலையும் மனைகளாகாமல் தப்ப வேண்டும் என்பதுதான்.

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி

கேள்வி: எங்கள் மூக்கனேரியை 2010 முதல் மக்கள் சேர்ந்து தூர்வாரி, திட்டுகள் அமைத்து, மரம் வைத்து மீட்டோம். அதன் நீர்வரத்துப் பாதை திட்ட வரைபடத்தில் விடுபடாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியாகும்போது அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் தெரிவிக்க இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்பது 1971 சட்டத்திலேயே உள்ளது. அந்த அறிவிப்புக்காகக் காத்திராமல் இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தைப் பெற்று, வாய்க்கால் போகும் புல எண்களை (சர்வே எண்களை) ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்காத ஆவணங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ்க் கேட்டுப் பெறலாம். வரைவு வந்ததும் புல எண் வாரியாக ஒப்பிட்டு, குடியிருப்பு என்று வண்ணமிடப்பட்ட வாய்க்கால் நிலம் எதுவென்று தனித்தனியாகச் சுட்டி எழுதுங்கள். "ஏரியைக் காப்பாற்றுங்கள்" என்று ஆயிரம் பேர் கையெழுத்திட்ட ஒரு மனுவைவிட, எந்தப் புல எண்ணில் என்ன பிழை என்று சொல்லும் பத்து மனுக்களுக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மனுவையும் இரண்டு படிகளாகக் கொண்டுபோய், தங்கள் படியில் பெற்றுக்கொண்ட தேதியோடு அலுவலக முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.