பாஸ்டனில் கெடு தாண்டித் தங்கிய கொழுந்தன் அம்மாவைப் பார்க்க வரலாமா?

கேள்வி: டப்ளினில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் ஐரிஷ்காரர், ஊர் கால்வே பக்கம். அவருடைய தம்பி 2018-ல் விசா இல்லாமல் பாஸ்டன் போனவர், கட்டட வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். இப்போது மாமியார் படுத்த படுக்கை. அவர் வந்து பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? அங்கே பிடிபட்டால் கோர்ட்டில் வாதாட வழி உண்டா?

பதில்: அவர் வரலாம். ஆனால் வந்தால் திரும்புவது ஏறக்குறைய நடக்காது. டிக்கெட் எடுக்கும் முன் அவருக்கு இது தெளிவாகத் தெரிய வேண்டும்.

1996-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி, அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கினால் 3 வருடமும், ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கினால் 10 வருடமும் மீண்டும் நுழையத் தடை. நாட்டை விட்டு வெளியேறும்போதுதான் அந்தத் தடை வந்து விழும். யாரும் பிடிக்காமல் தானாகக் கிளம்பி வந்தாலும் அப்படித்தான். அதனால்தான் ஊர்ச் சர்ச்சில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நடக்கும் அடக்கப் பூசையை ஃபோனில் பார்த்து அழுகிற ஐரிஷ்காரர்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பது அவர் எப்படி உள்ளே போனார் என்பதைப் பொறுத்தது. விசா இல்லை என்கிறீர்கள். அப்படியானால் 'எஸ்டா' என்ற ஆன்லைன் அனுமதியில் 90 நாளுக்குப் போயிருப்பார். அந்த விண்ணப்பத்திலேயே, வெளியேற்றினால் எதிர்த்து வாதாட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் போகிறார்கள். மாணவர் விசாவில் போய்க் கெடு தாண்டியவரைக் குடிவரவு நீதிபதி முன் நிறுத்துவார்கள்; அவர் ஜாமீன் கேட்கலாம், வாதாடலாம். எஸ்டாவில் போனவருக்குப் பொதுவாக அந்த விசாரணையே கிடையாது, அதிகாரியின் உத்தரவே போதும். புகலிடம் கேட்பது ஒன்றுதான் விதிவிலக்கு; அயர்லாந்துக்காரர் அதைக் கேட்டு ஜெயிப்பது அபூர்வம். இத்தனை வருடம் உழைத்தார், வரி கட்டினார் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு நீதிபதிகூட இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

அவருக்கு அங்கே மனைவி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை உண்மையாகவே மணந்திருந்தால், முறைப்படி சோதனை முடிந்து உள்ளே போனவர் என்பதால், அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இடமுண்டு. பிடிபடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வெளியேற்றும் உத்தரவு வந்த பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். இதற்கு நல்ல குடிவரவு வக்கீல் கட்டாயம் வேண்டும். பாஸ்டனில் ஐரிஷ்காரர்களுக்காகத் தொடங்கி இப்போது எல்லாருக்கும் உதவும் ரியன் குடியேறிகள் மையத்தில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இங்கிருந்தே செய்யக்கூடியதும் உண்டு. அவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். காவலில் இருப்பவரை அமெரிக்கக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பெயரும் பிறந்த நாடும் கொடுத்துத் தேடலாம். பெயர் அவர்கள் பதிவில் உள்ளபடியே இருந்தால்தான் ஆள் அகப்படுவார். 'ஓ', 'மக்' என்று தொடங்கும் குடும்பப் பெயர்களை இடைவெளியோடும் இல்லாமலும், மேற்குறியோடும் இல்லாமலும் போட்டுப் பாருங்கள்.

ஐரிஷ் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி அவரே காவலில் கேட்கலாம்; 1963 வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது. தூதரகம் அவரை வெளியே கொண்டுவராது. நலம் விசாரிக்கும், உங்களுக்குத் தகவல் சொல்லும். எந்தக் காகிதம் நீட்டினாலும் வக்கீலிடம் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இன்றே சொல்லி வையுங்கள்.

எல்லாம் தெரிந்தும் அம்மாவுக்காக வருகிறேன் என்றால், அது அவருடைய முடிவு. அவசரப்படுத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். வந்தவருக்கு அயர்லாந்தில் அரசு உதவித்தொகை கேட்டவுடன் கிடைத்துவிடாது. பல தொகைகளுக்கு, நிரந்தரமாகத் தங்க வந்திருக்கிறார் என்று காட்ட வேண்டும்: வீட்டு வாடகைச் சீட்டு, வங்கிக் கணக்கு, அங்கே வேலையை விட்டதற்கான கடிதம் போன்றவை. டப்ளினில் கிராஸ்கேர் அமைப்பின் புலம்பெயர்ந்தோர் பிரிவு, ஊர் திரும்பும் ஐரிஷ்காரர்களுக்கு இதில் வழிகாட்டுகிறது. அவர் விமானம் ஏறும் முன்பே நீங்கள் அங்கே பேசிவிடலாம்.