அமிலத்தை வேகமாகச் செலுத்தினால் சுண்ணாம்புப் பாறையில் நீளமான வழி விழுமா?

"எண்ணெய்க் கிணற்றில் அமிலத்தை வேகமாகச் செலுத்தினால் பாறைக்குள் வழி நீளும்தானே? என் கணினி மாடலில் ஏன் அப்படி வரவில்லை?" என்பது கேள்வி.

வராது. மெதுவாக விட்டால் (வழக்கமாக 15% ஹைட்ரோகுளோரிக் அமிலம்) அது வாசலிலேயே பாறையைத் தின்று தீர்ந்துவிடும். மிக வேகமாக விட்டாலோ கண்ட கண்ட துளைகளில் எல்லாம் புகுந்து, கிளை கிளையாகப் பிரிந்து வீணாகும். இடைப்பட்ட வேகத்தில்தான் வேடிக்கை. சற்றே பெரிய துளைக்குள் அமிலம் கூடுதலாகப் போகிறது, துளை அகலமாகிறது, அதனால் இன்னும் கூடுதலாகப் போகிறது. பக்கத்துத் துளைகள் பட்டினி. இப்படி நீளும் ஒற்றை வழிதான் 'வோர்ம்ஹோல்'.

சமன்பாடுகள் தெரிந்தவைதான்: ஓட்டத்துக்கு டார்சி விதி (அழுத்த வேறுபாட்டுக்கு ஏற்பப் பாறைத் துளைகளில் திரவம் ஓடும் வேகத்தைச் சொல்வது), அமிலத்தின் இருப்புக் கணக்கு, கரையக் கரைய மாறும் நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு). சறுக்குவது வேறு இடத்தில். மாடலில் பாறையைப் பிரித்த எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே நுண்துளைமையைக் கொடுத்தால் அமிலத்தின் முகப்பு நேர்கோடாகவே நகரும், வழி பிரியாது. கொஞ்சம் தாறுமாறான ஏற்ற இறக்கம் வேண்டும். கட்டத்தின் அளவும் வழியின் அகலத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

அப்புறம், அமிலம் மறுமுனையை எட்டச் செலவான அளவை வேகத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். வளைவு நடுவில் இறங்கி மறுபடி ஏறினால் மாடல் சரி. டோலமைட் (மக்னீசியம் கலந்த, சுண்ணாம்புப் பாறை போன்ற பாறை) மெதுவாகக் கரைவதால், அதில் அந்தப் பள்ளம் குறைந்த வேகத்தின் பக்கம் நகரும்.