கட்டில்களை எண்ணுங்கள்

வணக்கம் அக்கா,

என் தங்கச்சி இந்த வருஷம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழ் வழி, பயாலஜி குரூப். நர்சிங்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். மாமாவோ, “நர்ஸ் வேலைக்கு எதுக்கு நாலு வருஷப் பட்டம், மூணு வருஷ டிப்ளமோ போதும்” என்கிறார். கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அரசுக் கல்லூரி கிடைக்கிற அளவுக்கு மார்க் இல்லை. சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைக்கலாம். இதற்கிடையில் ஓர் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். பக்கத்து மாநிலத்தில் ஒரு கல்லூரி, தினமும் போக வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், அட்டெண்டன்ஸை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். ஒரிஜினல் சர்டிபிகேட்டை உடனே கேட்கிறார். அம்மாவுக்கு வேறொரு பயம்: எல்லாம் இங்கிலீஷில் இருக்குமாமே, இவள் தாக்குப்பிடிப்பாளா என்று. என்ன செய்யலாம் அக்கா?

ம., அரியலூர் மாவட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஏஜெண்ட் விஷயம். சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் கவுன்சிலிங்கில் இடம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. திருப்பிக் கேட்டால் பணம் கேட்பார்கள்.

‘தினமும் போக வேண்டாம்’ என்கிற பேச்சு ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட புதிய பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர். முதல் ஏழு செமஸ்டரும் தலா 20 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்றாம் செமஸ்டரில் அடல்ட் ஹெல்த் நர்சிங் என்று ஒரு பாடம் வரும். அதற்கு வகுப்பு 140 மணி நேரம், லேப் 40 மணி நேரம், வார்டில் 480 மணி நேரம். நான்காம் செமஸ்டரில் மறுபடி ஒரு 480. இந்தப் படிப்பு நடக்கிற இடம் வார்டுதான் என்று பாடத்திட்டமே சொல்கிறது. தேர்வு எழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் வருகையை, அதாவது வார்டுப் பயிற்சிக்கான வருகையை, 100 சதவீதமாக நிறைவு செய்தாக வேண்டும். காய்ச்சலில் படுத்து நாலு நாள் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போகாத பிள்ளைகூட அதை விடுமுறையில் ஈடுசெய்ய வேண்டும். அப்படி இருக்க, நாலு வருஷமும் போகாமல் வாங்குகிற பட்டத்தில் அந்த மணிக்கணக்கு முழுக்கப் பொய். அந்தப் பொய்யோடு உங்கள் தங்கச்சி ஒரு நாள் நைட் டியூட்டியில் தனியாக நிற்பாள். எதிரே படுத்திருக்கிறவருக்கு அது தெரியாது.

வெளிமாநிலக் கல்லூரி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கல்லூரிகள் நிறைய உண்டு. சேருகிறதானால் மூன்றைச் சரிபாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சிலின் பட்டியலில் கல்லூரிப் பெயர் இருக்கிறதா, அந்த மாநில நர்சிங் கவுன்சில் அனுமதி இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, அது இந்த ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா. ஏஜெண்ட் காட்டுகிற ஜெராக்ஸை நம்ப வேண்டாம். அந்தந்த இணையதளத்தில் நீங்களே பாருங்கள். இதில் ஓட்டை இருந்தால் படித்து முடித்துத் தமிழ்நாட்டில் பதிவு செய்யப் போகும்போதுதான் தெரியவரும். அப்போது நாலு வருஷமும் பணமும் போயிருக்கும்.

மாமா சொல்வதில் பாதி சரி. டிப்ளமோ படித்தவர்களும் முழு நர்ஸ்தான். அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) ஆள் எடுக்கும்போது இரண்டு தரப்பும் விண்ணப்பிக்கலாம், வார்டில் வேலையும் ஒன்றுதான். வித்தியாசம் அதற்கு அப்புறம் வருகிறது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பட்டதாரி படித்து முடித்துப் பதிவு செய்த கையோடு எழுதலாம். டிப்ளமோக்காரர் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிறகே எழுத முடியும். எம்.எஸ்சி. படிக்கவோ, கல்லூரியில் ஆசிரியர் ஆகவோ பட்டம் தேவை. டிப்ளமோ முடித்தவர்கள் பட்டம் வேண்டுமென்றால் இன்னும் இரண்டு வருஷம் போஸ்ட் பேசிக் படிக்கிறார்கள், ஆக மொத்தம் ஐந்து வருஷம். இந்தியாவில் 1946-லேயே வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லியிலும் நர்சிங்கில் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. ஏறக்குறைய எண்பது வருஷம் ஆகிறது. ‘நர்ஸுக்கு எதுக்குப் பட்டம்’ என்கிற கேள்விதான் இன்னும் ஓயவில்லை. இடம் கிடைக்கிறது, வீட்டில் நாலு வருஷம் தாங்க முடியும் என்றால் பட்டத்துக்கே அனுப்புங்கள். பணம் நிஜமாகவே இடிக்கிறது என்றால் அரசு நர்சிங் பள்ளியில் டிப்ளமோ நல்ல வழி. அதில் எந்தக் குறைவும் இல்லை.

இனி கல்லூரியைத் தேர்வு செய்வது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கல்லூரிக் கட்டிடத்தையும் ஏசி வகுப்பறையையும் பேருந்தையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் மருத்துவமனையைப் பாருங்கள். சொந்த மருத்துவமனை 100 படுக்கையோடு இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும் என்பது கவுன்சில் கணக்கு. காகிதத்தில் எல்லோரிடமும் 100 இருக்கும். ஒரு சாதாரண வார நாளில் காலை பத்து மணிக்கு, யாரையோ பார்க்க வந்தவர் மாதிரி உள்ளே போய்க் கட்டில்களை எண்ணுங்கள். எத்தனையில் ஆள் படுத்திருக்கிறது என்றும் எண்ணுங்கள். பாதி வார்டு பூட்டியிருந்தால் பதில் தெரிந்துவிட்டது. பிரசவ வார்டில் மாதம் எத்தனை பிரசவம் என்று அங்கே வேலை செய்கிற சிஸ்டர் யாரையாவது கேளுங்கள். மாணவிகள் தாங்களே சுகப்பிரசவம் பார்த்து, செய்த வேலைகளைப் பதிகிற லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். மாதம் நாலு பிரசவம் நடக்கிற இடத்தில் 60 பேர் கொண்ட வகுப்பு என்ன செய்யும்? ஒரு பிரசவத்தைப் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், பத்துப் பேர் லாக் புக்கிலும் அது ஏறும். பார்டோகிராஃப் (பிரசவ வலியின் போக்கைக் குறிக்கிற வரைபடம்) போடத் தெரியாமலே நர்ஸ் மட்டுமல்ல, மிட்வைஃப் (தாதி) என்ற பதிவும் கிடைத்துவிடும். சொந்த மருத்துவமனை சிறிதாக இருந்தாலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஒழுங்காகப் போஸ்டிங் அனுப்புகிற கல்லூரிகள் உண்டு. அவற்றை நான் மேலே வைப்பேன். எந்த மருத்துவமனை, எந்த செமஸ்டரில், எத்தனை வாரம், கூடவே ட்யூட்டர் வருவாரா என்று மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள். அலுவலக அறையில் கிடைக்காத பதில் பஸ் ஸ்டாப்பில் கிடைக்கும்.

கட்டணத்தில் ஒரு எச்சரிக்கை. கவுன்சிலிங் இடத்துக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் என்பது படிப்புக் கட்டணம்தான். ஹாஸ்டல், பஸ், யூனிஃபார்ம், கிளினிக்கல் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் தனியே ஏறும். நாலு வருஷத்துக்கும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். தங்கச்சி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் ரெக்கார்டு, சார்ட், பஸ் செலவுக்கு அது அவள் கையிலேயே இருக்கட்டும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பிள்ளைகள் சறுக்குவது இலக்கணத்தில் இல்லை, முதல் செமஸ்டர் அனாடமியிலும் பிசியாலஜியிலும்தான். இரண்டும் சேர்ந்து ஒரே தாள். சொற்கள் ஆயிரக்கணக்கில் வருகிற மாதிரி இருக்கும். அவற்றை முழுசாக மனப்பாடம் செய்யாமல் பிய்த்துப் படிக்கச் சொல்லுங்கள். நெஃப்ரோ என்றால் சிறுநீரகம், ஹெபடோ என்றால் கல்லீரல், ஐட்டிஸ் என்றால் அழற்சி, எக்டமி என்றால் வெட்டி எடுப்பது. நூறு துண்டுகள் தெரிந்தால் பெரும்பாலான சொற்களை ஊகித்துவிடலாம். காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறவற்றைத் தனி நோட்டில் எழுதட்டும்: இலியம் என்று குடலில் ஒரு பகுதி, இலியம் என்றே இடுப்பெலும்பு, ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஹைப்போகிளைசீமியா (ரத்தத்தில் சர்க்கரை குறைவது), ஹைப்பர்கிளைசீமியா (சர்க்கரை கூடுவது) இரண்டையும் டியூட்டி மாறும்போது அவசரத்தில் தப்பாகக் கேட்டால், சர்க்கரை குறைந்து வியர்த்துக் கிடக்கிறவருக்கு இன்சுலின் போட நேரலாம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஒரு பலம் உண்டு. ‘நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி இருக்கு’, ‘நெஞ்சு கரிக்குது’ என்று நோயாளி சொல்கிற வேறுபாடு அவர்களுக்கு உடனே பிடிபடும். அதைக் கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதத்தான் பழக்கம் வேண்டும். தினமும் ஒரு நோயாளியைப் பற்றி ஐந்து வரி எழுதினால் ஒரு வருஷத்தில் வந்துவிடும்.

முதல் இரண்டு செமஸ்டரில் அரியர் விழுந்தால் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டக்கூடாது. ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுதுவதற்குள் முந்தையவை அத்தனையும் முடித்திருக்க வேண்டும். தியரியிலும் பிராக்டிக்கலிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும்; ஒன்றில் கூடுதலாக வாங்கி மற்றதை ஈடுகட்ட முடியாது.

கணக்கு என்றால் ஓடுகிற பிள்ளையா? அப்படியானால் இப்போதே இதைப் பழகட்டும். 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும். மணிக்கு 125 மில்லி. டிரிப் செட் உறையில் ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சடித்திருக்கும். பெரியவர்களுக்கான செட்டில் பெரும்பாலும் 20. ஆயிரத்தை இருபதால் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு, அதில் இதே வேகத்துக்கு 125 சொட்டு. உறையைப் பார்க்காமல் அந்த 125-ஐப் பெரிய செட்டில் வைத்தால் எட்டு மணி நேரத்து சலைன் 2 மணி 40 நிமிடத்தில் உள்ளே போய்விடும். இதயம் பலவீனமான முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். புது மாணவிகள் இப்படித் தவறுவது கணக்குத் தெரியாததால் இல்லை, உறையைக் குப்பையில் போட்டுவிட்டுக் கணக்குப் போடுவதால்.

பி.பி. பார்ப்பதிலும் இப்படித்தான். சட்டைக் கைக்கு மேலேயே கஃப் சுற்றுவது, காற்றைச் சட்டென்று இறக்கிவிடுவது, சத்தம் கேட்காமல் போனதும் வெட்கப்பட்டு 120/80 என்று எழுதிவிடுவது. மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டே ஏற்றி, நாடி மறைந்த இடத்திலிருந்து இன்னும் 30 ஏற்றி, நொடிக்கு 2 அல்லது 3 என்ற அளவில் இறக்கினால் கேட்கும். கேட்கவில்லை என்றால் ‘கேட்கவில்லை சிஸ்டர்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே பழகிய மாணவி நல்ல நர்ஸ் ஆவாள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வார்டுக்குப் போகும் முன் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி அவசியம். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இப்போதே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். போஸ்டிங்கில் ஊசி குத்திவிட்டால் விரலைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும், உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. திட்டு விழுமே என்று மறைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைக்காதே என்று அண்ணன் நீங்கள் சொன்னால் கேட்பாள்.

எட்டாம் செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அது முடிந்ததும் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்; அதற்குப் பிறகே நர்ஸ் என்று வேலை பார்க்க முடியும். லாக் புக்கின் ஜெராக்ஸ் ஒரு செட், மணிக்கணக்கோடு பல்கலைக்கழகம் தருகிற டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று, இரண்டையும் பத்திரமாக வைக்கட்டும். பிற்பாடு வெளிநாடு போக நினைத்தால், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி நேரம் என்று அங்கே கேட்பார்கள். கல்லூரியே மூடிப்போயிருந்தால் யாரிடம் போய் நிற்பது?

சேர்க்கைக்கு நீட் எழுதவில்லையே என்ற கவலை வேண்டாம். ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் சிலவற்றுக்குத்தான் அது தேவை. தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடக்கிறது. சாதிச் சான்றிதழ், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றையும் இ-சேவை மையத்திலும் பள்ளியிலும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் சர்வர் வேலை செய்யாது. உங்கள் ஊரிலிருந்து போய்வர முடிகிற கல்லூரிகள் ஏழெட்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து வேறொரு நாள் போய், மருத்துவமனையில் ஆள் படுத்திருந்த கட்டில் எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதி எனக்கு அனுப்புங்கள். சாய்ஸ் லிஸ்டில் எதை முதலில் போடுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா