முதல் தோசை யாருக்கு?

ஆச்சி பதில்கள்: நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாளையங்கோட்டை ஆச்சி, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆச்சி, எனக்கு மூணு பிள்ளைங்க. எட்டு, அஞ்சு, ரெண்டு வயசு. தோசைக்கல்லை அடுப்புல வச்சதுமே முதல் தோசை யாருக்குன்னு சண்டை. ரிமோட்டு, குளிக்கிற வாளி, வண்டியில முன்னால யார் நிக்கிறதுன்னு எல்லாத்துக்கும் தகராறு. எதையும் சரிசமமாத்தான் பங்கு வைக்கிறேன், அடங்க மாட்டேங்குதுங்களே?
- மூணு பிள்ளை பெத்தவள், ஈரோடு

சரிசமமாப் பங்கு வைக்கிறதாலதான் அடங்கலை தாயி. எங்க வீட்டுக்காரர் சம்பளத்தன்னைக்குக் கால் கிலோ அல்வா வாங்கிட்டு வருவார். நூலைப் பிடிச்சு அறுத்த மாதிரி நாலாப் பங்கு வைப்பேன். சின்னதுக ரெண்டும் சட்டையெல்லாம் பூசிக்கிட்டுத் தின்னும். மூத்தவளும் அடுத்தவனும் மட்டும் தங்கள் பங்கைத் தொடாம நிப்பாங்க. என்னன்னு பார்த்தா, அல்வா மடிச்சு வந்த இலையில நெய் ஒட்டியிருக்கு. அதை யார் நக்கறதுன்னு சண்டை! அல்வாவைப் பங்கு வச்சேன், இலையை எப்படிப் பங்கு வைக்க?

அதனால பொருளை விட்டுட்டு நாளைப் பங்கு வச்சேன். ஒற்றைப்படைத் தேதி மூத்தவளுக்கு, இரட்டைப்படை தம்பிக்கு. அந்த மாசம் நல்லாத்தான் போச்சு. 31-ம் தேதிக்கு அடுத்து 1-ம் தேதி வந்ததும் அவன் பிடிச்சுக்கிட்டான்: "அவளுக்கு மட்டும் எப்படி ரெண்டு நாள்?" நியாயம்தானே. அப்புறம் கிழமைக்கு மாத்தினேன். திங்கள், புதன், வெள்ளி அவளுக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. யாரோட நாளோ, முதல் தோசை, இலை, பஸ்ஸுல ஜன்னல் சீட்டு எல்லாம் அவங்களுக்கு. கடைக்குக் கறிவேப்பிலை வாங்க ஓடுறதும் அன்னைக்கு அவங்கதான். ஞாயிறு எனக்கு. உங்க ரெண்டு வயசுக்காரிக்குக் கிழமை விளங்காது. இப்போதைக்கு மூத்தது ரெண்டுக்கும் மட்டும் வச்சுப் பாருங்க. (முதல் தோசை எப்பவும் கல்லுல ஒட்டிப் பிஞ்சுதான் வரும். அதுக்கா இத்தனை அடிபிடி!)

வண்டியில முன்னால நிக்கிற உரிமை மட்டும் யாருக்குமே கிடையாதுன்னு சொல்லிடுங்க. சடார்னு பிரேக் போட்டா ஹேண்டில்பார் பிள்ளை நெஞ்சுலதான் இடிக்கும். நாலு வயசு ஆகாத பிள்ளையை ஏத்தினா, ஓட்டுறவங்களோட சேர்த்துக் கட்டுற பெல்ட்டும், பிள்ளைக்கு ஹெல்மெட்டும் வேணும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாதுன்னு சட்டமே இருக்கு.

மூணாவது குழந்தை பிறந்து ரெண்டு மாசம். மத்த ரெண்டுக்கும் செஞ்ச மாதிரியே நாக்குல தேன் தொட்டு வைக்கணும்னு மாமியார் சொல்றாங்க. சரியா?
- பெயர் வேண்டாம், தேனி

வேண்டவே வேண்டாம். நானும் சேனை தொட்டு வச்சவதான், அப்போ தெரியலை. தேன்ல இருக்கிற ஒரு கிருமி நம்மளை ஒண்ணும் பண்ணாது. ஒரு வயசு நிரம்பாத பிள்ளையோட குடல்ல வளர்ந்து விஷமாகும். மலச்சிக்கல் வரும், அழுகை ஈனமாகும், கைகால் துவண்டு போகும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணிகூட வேண்டாம். இதை நீங்க போய் மாமியார்கிட்ட சொன்னா சண்டை வரும். அடுத்த தடுப்பூசிக்கு அவங்களையே கூட்டிட்டுப் போங்க, நர்ஸம்மா சொல்லட்டும்.

பெரியவனுக்குப் பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை கொடுத்தாங்க. வீட்டுல இருக்கிற ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு?
- ஒரு அப்பா, விழுப்புரம்

அங்கன்வாடியில கொடுப்பாங்க. ஒரு வயசுல இருந்து ரெண்டு வரைக்கும் அரை மாத்திரை, அதாவது 200 மில்லிகிராம். பொடிச்சுத் தண்ணியில கலக்கிக் கொடுக்கணும். ரெண்டு வயசுக்கு மேல முழுசு. அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், உடம்பு சரியில்லைன்னா கொடுக்காதீங்க. மாத்திரை கொடுத்த கையோட நகத்தையும் வெட்டி விடுங்க, மண்ணுல இருக்கிற புழு முட்டை நகத்துல ஏறித்தான் வாய்க்குப் போகுது.

நாலு பிள்ளைக்கு நடுவுல நீங்க எப்ப ஆச்சி சாப்பிட்டீங்க?
- கல்லூரி மாணவி, மதுரை

அடுப்படியில நின்னுக்கிட்டே, மிச்சம் மீதியைத்தான். ஞாயிறு என் நாள்னு சொன்னேன் இல்லையா, அன்னைக்கு மட்டும் முதல் தோசை எனக்கு. பிஞ்சதுதான். முக்காலியில உக்காந்து, சட்னியை ஊத்தித் தின்பேன். நாலும் நிலைப்படியில நின்னு என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கும்.